முறிகண்டியில் நான் வழியனுப்பிய அண்ணாவுக்கு

அண்ணா,

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்த இரவு நீங்கள் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திவிட்டு நாட்டைவிட்டு ஓடிய எட்வர்ட் ஸ்னோடனைச் சிலர் வீரன் என்கிறார்கள், சிலர் கோழை என்கிறார்கள், உன் எண்ணம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். ஸ்னோடனைப் பற்றி மட்டுந்தான் கேட்கிறீர்கள் என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். அன்று நம் முற்றத்துப் பந்தியிலேயே இரண்டு சொற்களும், கந்தோர் விஷயத்தை வெளியே சொல்லிவிட்டு நாட்டைவிட்டுப் போன உங்களைக் குறித்து அடிபட்டன. அதனால்தான் தனியே பதில் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன். எந்தக் கந்தோர், எந்தப் பட்டியல், யாருடைய கையெழுத்து என்பதை மட்டும் எழுதமாட்டேன். நான் இங்கேதான் இருக்கிறேன்.

கொழும்பில் மூன்று நாள் பயிற்சி என்றுதான் சொன்னீர்கள். முறிகண்டியில் பஸ் பத்து நிமிடம் நின்றிருக்கும். பிள்ளையாருக்கு நீங்கள் உடைத்த தேங்காய் சரிபாதியாகப் பிளக்காமல் ஒருபுறம் நொறுங்கியது. அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு மோட்டார்சைக்கிள் திறப்பையும் ஒரு சரை கச்சானையும் சேர்த்து என் கையில் வைத்து, "அம்மாவுக்குக் கடிபடாது, நீயே சாப்பிடு" என்றீர்கள். வீடு வரும்வரை நான் அந்தத் திறப்புக் கோர்வையை விரித்துப் பார்க்கவில்லை. வீட்டுத் திறப்பும், உங்கள் அலுமாரித் திறப்பும் அதிலேயே இருந்தன. மூன்று நாளில் திரும்புகிறவர் அலுமாரித் திறப்பைத் தந்துவிட்டுப் போவாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் கச்சானை உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

நான்காம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். அம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்கள். கடைசியில் சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியை நீட்டினார்கள். உங்கள் அண்ணா சொன்னது பொய், அவர் வேறு காரணத்துக்காக ஓடினார் என்பதுபோல அதில் இருப்பதாக ஒருவர் தமிழில் சொன்னார். நான் கையெழுத்து வைத்தேன். பன்னிரண்டு வருடங்களாக இதை உங்களிடம் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீங்கள் காணவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்றாவது யோசித்து வைத்திருப்பேன். எதுவும் தெரியாதவளை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டீர்கள் போலும். தெரியாதவளைத்தான் அண்ணா, திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

ஸ்னோடனும் அப்படித்தான் செய்தார். ஹவாயில் கூட வாழ்ந்த காதலியிடம் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் சில வாரங்கள் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு 2013 மே மாதம் ஹொங்கொங்குக்குப் பறந்தார். பிறகு விசாரணை அதிகாரிகளுக்கு முன்னால் இருந்து பதில் சொன்னவர் அந்தப் பெண்.

ஓடியவரைக் கோழை என்பவர்கள் டானியல் எல்ஸ்பெர்க்கைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் இரகசியப் பதிவுகளான பென்டகன் ஆவணங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்தவர் அவர். 1971 ஜூனில் அவை வெளிவந்தபின் சுமார் இரண்டு வாரம் மறைந்திருந்த அவர், நீண்டகாலச் சிறை கிடைக்கக்கூடிய வழக்கென்று தெரிந்தும் பொஸ்டனில் தானாகவே சரணடைந்தார். பிணையில் வெளியே நின்று பேச அவரை விட்டார்கள். அரசு தரப்பின் முறைகேடுகளால் 1973 இல் நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்தார். அதே எல்ஸ்பெர்க்தான், தன் காலத்து அமெரிக்கா இப்போது இல்லை, ஸ்னோடன் வெளியேறியது சரி என்று 2013 இல் எழுதினார். ஸ்னோடன்மீது பாய்ந்த 1917 ஆம் ஆண்டின் அமெரிக்க உளவுச் சட்டத்தின் கீழ், மக்கள் நன்மைக்காகச் செய்தேன் என்பதை நீதிமன்றத்தில் எதிர்வாதமாக வைக்கவே வழியில்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2009 இல் இந்த மண்ணிலேயே, அரச சம்பளம் வாங்கிய வைத்தியர்கள், ஷெல் விழுந்த வைத்தியசாலைகளிலிருந்து இறந்தவர் தொகையை வெளியுலகுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர்கள் ஓடவில்லை. மே மாதம் தடுத்துவைக்கப்பட்ட அவர்களில் ஐந்து பேர் ஜூலையில் கொழும்பில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டு, புலிகளின் வற்புறுத்தலால் கூட்டிச் சொன்னோம் என்றார்கள். நின்றவர்களின் வாயிலிருந்தே சொன்ன சொல் திரும்ப எடுக்கப்பட்டதை இந்த ஊர் பார்த்தது. அதனால் நீங்கள் போனதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சொன்னவர்களுக்குப் பந்தியில் இரண்டாந்தரம் பாயாசம் ஊற்றாமலே விட்டேன்.

வீரன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஹொங்கொங்கில் ஸ்னோடனைத் தங்கள் சிறு வீடுகளில் ஒளித்துவைத்தவர்களில் நம் நாட்டிலிருந்து போன சிங்கள அகதிகளும் இருந்தார்கள் என்பது தெரியுமா? அந்தச் செய்தி 2016 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர்களுடைய அடைக்கலக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. பிள்ளைகளோடு இருந்த இலங்கைக் குடும்பம் கனடாவுக்குப் போய்ச்சேர 2021 ஆகிவிட்டது. ஸ்னோடன் 2022 இல் ரஷ்யக் குடிமகனானார். நீங்களும் குடியுரிமை எடுத்த அன்று கோட்டுப் போட்ட படம் அனுப்பினீர்கள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று உங்களில் எனக்கு எவ்வளவு கோபம் என்பதை அம்மா இருக்கும்வரை எழுத முடியவில்லை.

இப்போது ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீங்கள் போனபோது இல்லாத தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தது. அதன்படி, நான் கையெழுத்து வைத்த கடதாசியின் பிரதியைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்வேன். கிடைத்தால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி வாசிப்பித்து உங்களுக்கும் அனுப்புவேன். உங்களைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்பதை இருவரும் ஒன்றாகவே அறிந்துகொள்வோம். விண்ணப்பத்தில் நம் வீட்டு விலாசத்தையே எழுதினேன்.

தங்கச்சி