தெளிந்த நீரும் ஒரு தவறான வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தை என் அண்ணன்தான் என்னிடம் நீட்டினார். ஒரு வரியின் கீழ் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்: “ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா சாக்கடை நீரில் மட்டுமே வாழும் வைரஸ், தெளிந்த நீரில் இறங்குவோர் அஞ்சத் தேவையில்லை.”

அது பாக்டீரியா, ஐயா. பாக்டீரியாவை வைரஸ் என்று நீங்கள் அச்சிடுவது இது மூன்றாவது முறை. முன்பு இரண்டு முறையும் அஞ்சலட்டை போட்டேன். பிரசுரிக்க வேண்டாம், திருத்தியாவது இருக்கலாமே! தங்களுக்குத் தெரியாத செய்தியா இது?

அதன் வீடே நன்னீர்தான். ஆறு, ஏரி, குளம், ஓடை எங்கும் இருக்கும். குழாய்க்குள் படியும் வழுவழுப்பான படலத்திலும் ஒட்டிக்கொண்டு வாழும். கோடையில் நீர் சூடேறும்போது பெருகும். குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. மீன்களுக்குப் புண்ணையும் தவளைகளுக்குச் செங்கால் நோயையும் தருவது இதுதான். சாக்கடை கலந்தால் எண்ணிக்கை கூடும். கலக்காவிட்டாலும் அது அங்கேதான் இருக்கும்.

என் அண்ணன் இறங்கிய ஓடையில் அடிமணல் தெரிந்தது. பாறை கெண்டைக்காலில் இலேசாகக் கீறியது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் கால் வீங்கிப் பளபளத்தது. மாலைக்குள் கருநீலக் கொப்புளங்கள். அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் பாதிப்பு உண்டு. இந்தக் கிருமி மூர்க்கமாகத் தாக்குவது பெரும்பாலும் அத்தகையவர்களைத்தான். முதலில் கொடுத்த அமாக்சிசிலின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்து பலிக்கவில்லை. பலிக்காது, அந்த வகை மருந்தைச் சிதைக்கும் நொதி அதனிடம் உண்டு. “தண்ணீரில் இறங்கினீர்களா?” என்று இரண்டு நாள் யாருமே கேட்கவில்லை.

ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அண்ணனின் சீழை நானே, ரத்தம் கலந்த கூழில் கிருமி வளர்க்கும் ரத்த அகர் தட்டில் தடவினேன். மறுநாள் சாம்பல் நிறப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பணுக்கள் கரைந்துபோன தெளிந்த வளையம். ஒரு புள்ளியை எடுத்து, கிருமியை இனங்காண உதவும் ஆக்சிடேஸ் சோதனைத் தாளில் தேய்த்தேன். சில நொடிகளில் தாள் கருநீலமாயிற்று. தட்டில் தெரிந்த அந்த அழிவுதான் அண்ணனின் காலுக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது என்று எண்ணியபோது என் கை நடுங்கியது. அழுகிய தசையை வெட்டி எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார்.

சென்ற ஆண்டு இதையெல்லாம் விரிவாக எழுதி அனுப்பினேன். ‘இடமின்மை’ என்று பதில் வந்தது. இப்போது இந்தத் தவறான கட்டுரைக்கு அரைப் பக்கப் படத்தோடு இடம் கிடைத்திருக்கிறது. மனம் வலிக்கிறது, ஐயா.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்துங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: குளத்திலோ ஆற்றிலோ இறங்கியபின் காயம் வீங்கினால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
19 ஆண்டுச் சந்தாதாரர்