கோதுமை வேண்டாம், சோளம் போடு

அன்புள்ள கண்ணுக்கு,

வடக்கே கோதுமையில் மாட்டை மேயவிட்டு, பிறகு அதிலேயே மணியும் எடுக்கிறார்களே, பாலக்காட்டு எருத்தேம்பதிக் காட்டில் அது ஆகுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. அங்கே அது நடப்பது குளிரால். குளிரில் கோதுமை அடியில் பக்கத்தண்டுகள் விட்டு மாதக்கணக்கில் தூர் கட்டிக்கொண்டே இருக்கும். கதிராகப் போகிற முனை அதுவரை மண்ணுக்குள் கிடக்கும். மாடு இலையைத்தான் கடிக்கும். தண்டு நீண்டு முனை மேலே ஏறியபின்னும் மேயவிட்டால் மணி போச்சு. உங்கள் பக்கத்து வெயிலில் கோதுமை சரியாகத் தூர் கட்டாமலே பூத்துவிடும்.

உனக்குச் சோளம்தான். ஆனால் மேய்க்காதே. சோளத்துக்கும் முதல் 30 நாள் முனை மண்ணுக்குள்தான். பயிர் மேய்ச்சலைத் தாங்கும் அந்த வயதில்தான் மாட்டுக்கு அது விஷம். இளம்பயிரில் சயனைடு இருக்கும், வாடினால் இன்னும் ஏறும். தை மாதத்துக் கணவாய்க் காற்றில் காய்ந்து கிடந்த அறுப்புத் தூர், ஒரு மழை விழுந்ததும் பச்சைப்பசேலென்று துளிர்க்குமே, அதுதான் ரொம்பப் பொல்லாதது. மாடு மூச்சிரைத்து நுரை தள்ளினால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடு. ஊசி உண்டு, நேரம்தான் கிடையாது. பச்சையாகப் போடுவதென்றால் பூத்த பிறகு போடு.

மணிக்கும் தட்டுக்கும் (மாட்டுக்குப் போடும் தண்டும் இலையும்) சேர்த்து கே 12 அல்லது கோ 30 ரகம் நல்லது. புரட்டாசிப் பட்டத்து முதல் ஈரத்தில் விதை. மானாவாரிக்கு ஏக்கருக்கு 6 கிலோ, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. அடியுரம் யூரியா 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ. யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் காற்றுக்குச் சாயும், விஷமும் கூடும். விதைப்பு பிந்தினால் குருத்து ஈ வரும்: நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். அப்படிப்பட்ட செடிகளை 20 நாளுக்கு மேல் பயிர் கலைக்கும்போது பிடுங்கிவிடு. பிடுங்கியதை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதே.

அறுப்பில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கதிர் மேலிருந்து கீழாக முற்றும். அதனால் அடிப்பக்கத்து மணி ஒன்றை உருவி, அது கதிரில் ஒட்டியிருந்த முனையைப் பார். கறுப்புப் பொட்டு விழுந்திருந்தால் மணிக்குள் இனி எதுவும் ஏறாது. கதிரை அறுத்த கையோடு தட்டையும் அறு. தட்டு காவியேறும்வரை நிறுத்தினால் இலை உதிரும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். மணி ஈரமாகத்தான் இருக்கும். பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை வெயில் காட்டு.

தட்டை நாலு நாள் உலரவிட்டு, கத்தை கட்டி நிறுத்து. போர் போடுமுன் கணுவை நகத்தால் கீறிப் பார். ஈரம் கசிந்தால் பொறு, இல்லாவிட்டால் போர் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும்.

இரண்டு மாட்டுக்கு, தலைக்கு 6 கிலோ வீதம், மாசியிலிருந்து 120 நாளைக்கு 1,440 கிலோ தட்டு வேண்டும். நறுக்கிப் போடு, முழுசாகப் போட்டால் அடித்தண்டை ஒதுக்கிவிடும்.

கிணற்றடியில் எத்தனை சென்ட் ஒதுங்கும் என்று எழுது. பச்சைத்தீவனத்துக்குத் தனியாக விதை கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா