என் காரில் ஃப்ரிட்ஜ் இல்லை: கார்புரேட்டர் ஐஸ் பற்றி ஐந்தாவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்கெனவே நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதில். பரிசீலிக்க இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தயவுசெய்து இதையாவது கடைசி வரை படியுங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர், அதற்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனர், இரண்டும் சேர்ந்த உங்கள் செட்டை உங்கள் பணிமனையிலேயே என் பழைய காரில் மாட்டினார்கள். அன்றிலிருந்து குளிரும் ஈரமுமான காலையில் நான் நிம்மதியாக ஓட்டியதே இல்லை. கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும். பத்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் போனதும் இழுவை குறையும், மிதித்தால் முனகும், காலை எடுத்தால் அணைந்துவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் நின்றால் கார்புரேட்டருக்குள் கட்டிய ஐஸ் இன்ஜின் சூட்டில் உருகிவிடும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

இதனால்தான் உங்கள் பணிமனைக்கு மூன்று முறை அலைந்தும் பயனில்லை. மூன்றாவது முறை வழியிலேயே இரண்டு தடவை நின்று ஒருவழியாக வந்து சேர்ந்தேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு பானட்டைத் திறந்தால் ஐஸ் எங்கே இருக்கும்? "நல்லாத்தானே சார் ஓடுது" என்று சொல்லி, கேட்காமலே ஸ்பார்க் பிளக்கை மாற்றி பில்லும் போட்டார்கள். திரும்பும் வழியில் மறுபடி நின்றது. அங்கேயே ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தேன், கார்புரேட்டருக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான த்ராட்டில் பட்டர்ஃபிளை மேல் வெள்ளையாக ஐஸ். படம் இணைத்திருக்கிறேன்.

அதையெல்லாம் விடுங்கள், உங்கள் தொலைபேசி ஆள் கேட்டதுதான் இன்னும் ஆறவில்லை. "ஐஸா? கார்ல ஃப்ரிட்ஜ் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்? எரியிற இன்ஜின் மேல ஐஸ் எப்படி வரும்?" கேட்டதோடு விடவில்லை, பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லிச் சிரித்தார். கார்புரேட்டர் விற்கும் கம்பெனிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? பெட்ரோல் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சும், கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் அழுத்தமும் குறையும், இரண்டும் சேர்ந்து வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கலாம். அதனால் வெளியே 10 டிகிரி இருந்தாலும் உள்ளே காற்றின் ஈரம் ஐஸாகக் கட்டும். கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஈரம்தான் வில்லன். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம், எத்தனால் ஆவியாக அதிகச் சூட்டை இழுக்கும். அவர் கொடுத்த தீர்வு: "வெயில் காலத்துல ஓட்டுங்க சார்."

அந்தக் காலத்தில் காரைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. என் பழைய ஏர் கிளீனரில் இன்ஜின் புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுப் பக்கமிருந்து சூடான காற்றை இழுக்க ஒரு குழாய் இருந்தது. குளிர் வந்தால் ஏர் கிளீனரின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். உங்கள் செட்டில் அந்தக் குழாய்க்கு இடமே இல்லை. போதாததற்கு இன்ஜின் சூடு மேலே ஏறாதபடி கார்புரேட்டருக்கு அடியில் ஸ்பேசர் என்ற தடிமனான இடைத்தகடு வேறு. "எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது" என்று அட்டையில் அச்சடித்தவர் யார்? பழைய ஏர் கிளீனரைத் திருப்பிக் கேட்டேன், "அதைப் பழைய இரும்புல போட்டாச்சு" என்றார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

என் மகள் பரீட்சைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். அவள் எதிர்காலமே போயிருந்தால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா? வீட்டில் இப்போது காரை விற்றுத் தொலைக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை, செட்டின் வேலைப்பாடும் நன்றாகவே இருக்கிறது. சூடான காற்றுக் குழாயும் அதைத் திறந்து மூடும் தகடும் உள்ள ஏர் கிளீனரைக் கொடுங்கள், முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், அந்த பிளக் பில்லையும் சேர்த்து. 15 நாளில் பதில் வராவிட்டால் படங்கள், பில்கள், நான்கு மின்னஞ்சல்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தாராளமாக அழையுங்கள், ஆனால் அந்த ஃப்ரிட்ஜ்காரர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு)