மிருதங்கத்துக்குக் காற்றோட்டமான உறை தைத்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். இங்கே தண்ணீர்த் திருவிழா முடிந்துவிட்டது, இன்னும் சில வாரத்தில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் மிருதங்கம் கற்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என் மகள் மூன்று வருஷமாக மிருதங்கம் படிக்கிறாள். வகுப்புக்கு பஸ்ஸில்தான் போய் வருவோம். போன வருஷம் மழைக்குப் பயந்து ரெக்சின் பை ஒன்று வாங்கினேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பிக்கையோடு அதிலேயே வாத்தியத்தை வைத்து மூடி அலமாரி பக்கத்தில் நிறுத்திவிட்டேன். ஆகஸ்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு வாரம் வகுப்பு இல்லை. அப்புறம் பையைத் திறந்தால் குப்பென்று பூஞ்சை வாடை. தொப்பி என்கிற இடப்பக்கத் தோல் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கரணை, அதாவது அந்தக் கறுப்பு வட்டப் பூச்சு, ஓரமாக விரிசல் விட்டு, அவள் விரல் வைத்ததும் நகத்தளவு துண்டு கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. இங்கே மூட்டு, அதாவது தோல் பகுதி, மாற்றித் தர எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், ஊருக்குப் போன உறவினர் கையில் கொடுத்தனுப்பித் திரும்ப வர நாலு மாதம் ஆனது.

மிருதங்கத்தின் பலா மரக் கட்டை ஈரத்தை ஓரளவு தாங்கும், தோல் தாங்காது. வாசிக்கும்போது தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுகிறோம், அதைச் சுரண்டி எடுத்த பிறகும் தோலில் ஈரம் இருக்கும், கை வியர்வை வேறு. அதை அப்படியே ரெக்சினுக்குள் பூட்டினால் ஈரம் எங்கே போகும்? (இங்குள்ள சைங் வைங் என்கிற பர்மிய வாத்தியக் குழுவின் மேளங்களுக்கும் சோறும் சாம்பலும் சேர்த்துப் பிசைந்து தோலில் அப்பித்தான் சுருதி சேர்க்கிறார்கள். தோலையும் ஈரத்தையும் பற்றி பர்மிய அண்டைவீட்டாருக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை.) எப்போதும் மூடியிருக்கும் உறை பருத்தித் துணியாக இருக்க வேண்டும். மழைக்கு மேலே தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளலாம், வீட்டு வாசலுக்கு வந்ததும் அதை உருவிவிட வேண்டும்.

அதனால் இந்த முறை நானே தைத்தேன். பெரியவர்கள் இன்னும் சூரத்தி பஜார் என்று சொல்கிற தெய்ஞ்சி சந்தையில் ஒன்றரை கஜம் கித்தான் வாங்கினேன். உள்பக்கத்துக்கு மாமனாரின் பழைய கட்டம் போட்ட கைலி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. இரண்டுக்கும் நடுவில் கிழிந்த பருத்திப் போர்வை.

அளவு சொல்கிறேன், உங்கள் வாத்தியத்துக்கு நீங்கள் அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 24 அங்குல நீளம், பெருத்த இடத்தில், தோலை இழுத்துக் கட்டியிருக்கும் வாரோடு சேர்த்துச் சுற்றளவு 33 அங்குலம். போர்வையின் கனம் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் 3 அங்குலம் கூட்டி 36, தையலுக்கு 1, ஆக அகலம் 37. உயரம் 24, வாய்ப்பக்கம் சுருங்கி மூட 6, நாடா மடிப்புக்கும் அடித்தையலுக்கும் 2, ஆக 32. அடி வட்டத்துக்குப் பள்ளிக்கூடக் கணக்குதான்: 36-ஐ 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பதினொன்றரை, தையலுக்கு 1 சேர்த்துப் பன்னிரண்டரை அங்குலக் குறுக்களவில் வெட்ட வேண்டும். வட்டத்தைச் சுற்றிலும் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும்.

முதலில் நீளவாக்கில் ஜிப் வைத்துத்தான் தைத்தேன். தலைமாடு கால்மாடு இரண்டும் மூடியிருந்ததால் நடுவில் பெருத்த மிருதங்கம் அந்தப் பிளவு வழியாக நுழையவே இல்லை, ஜிப்பின் பல் வாரில் உரசியது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பழைய முறையில் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் நாடா என்று மாற்றினேன். வாய்ப்பக்கம் 8 அங்குலத்துக்குப் போர்வை வைக்காதீர்கள், கனமாக இருந்தால் நாடா இழுத்தாலும் சுருங்காது.

தோள் பட்டைதான் முக்கியம். ஏழெட்டுக் கிலோ தொங்கும்போது பக்கத்தில் ஒட்டுத் தைத்த பட்டை ஒரே மாதத்தில் பிய்ந்துவிடும். பட்டை அடி வட்டத்துக்குக் கீழே குறுக்கே போய் இரண்டு பக்கமும் மேலே ஏற வேண்டும், அப்போதுதான் பாரம் பட்டையில் இருக்கும், துணியில் இருக்காது. இதைச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டு மமா (பர்மிய மொழியில் அக்கா). அவர் தன் மிஷினில் 16-ஆம் நம்பர் ஊசி மாட்டி, பட்டை ஏறும் இடங்களில் சதுரமாக ஓட்டி நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு தையல் போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

விமானத்தில் கொண்டுபோகும் வித்வான்களுக்குக் கெட்டிப் பெட்டி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இது போதும். கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் வகுப்பு நடத்துகிறவர்கள் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் தெரிந்த அக்காமாரை இரண்டு மிஷினோடு உட்கார வைத்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் தைத்துவிடலாம். வர முடிந்தால் நானும் வந்து வெட்டித் தருகிறேன்.

இன்னொன்று. நாடா கட்டும் வாய்ப்பக்கம் எப்போதும் வலந்தலை இருக்கும்படி போடுங்கள், அப்போது பஸ்ஸில் கீழே நிறுத்தினாலும் கரணை மேல் பாரம் விழாது. எங்கள் உறையில் அந்தப் பக்கம் மகள் சிவப்பு நூலால் ஒரு பூத் தைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரங்கூன்