அப்பா எடுத்த புத்தகத்தின் பெயரைச் சொல்லாதவருக்கு

எங்கள் பகுதியின் மூன்று கிளை நூலகங்களில் வேலை செய்பவர்களுக்கும், அங்கே வந்துபோகிற வாசகர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலைப் போன வருடமே எழுதியிருக்க வேண்டும். உட்காரும்போதெல்லாம் யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்ற குழப்பத்திலேயே எழுந்துவிடுவேன். உங்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. வாயை மூடிக்கொள்வதும் ஓர் உதவிதான் என்பதை உங்களில் ஒருவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

மேடம், நீங்கள் இருப்பது எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில். ஒரே அறை, ஒரே நூலகர். அப்பா ஓய்வுபெற்ற மறுவாரமே உங்களிடம் உறுப்பினராகிவிட்டார். காலையில் நாளிதழ், அப்புறம் இரவலுக்கு ஒரு புத்தகம், பதினொரு மணிக்கு வீடு. பல வருடங்களாக இதில் மாற்றமே இல்லை. பிறகு அந்தப் பதினொரு மணி ஒன்றாகி, ஒன்று இரண்டானது. கொண்டுவரும் புத்தகமோ பையை விட்டே வெளியே வராது. இரண்டு வாரத் தவணையில் எடுத்ததை இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏனப்பா என்றால், "சுமார் புத்தகம்" என்பார். தொடர்ந்து ஏழெட்டுப் புத்தகங்கள் சுமாராகவே அமையவும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஒருநாள் அப்பாவுக்குத் தெரியாமல் உங்களிடம் வந்தேன். அவர் என்னென்ன புத்தகம் எடுக்கிறார் என்று கணினியில் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"அது அவரோட அட்டைம்மா. அவரையே கேளுங்க."

"நான் அவர் மகள், மேடம்."

"தெரியும்மா. உங்களைப் பத்தி நிறையச் சொல்வார்."

அவ்வளவுதான். சிரித்த முகம் மாறவில்லை, கணினித் திரையும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு நூலகத்தில் போய் என்ன பெரிய ரகசியம் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் கழித்து அப்பாவே சொன்னார். உங்கள் நூலகத்தில்தான் அவருக்கு அது முதலில் தெரிந்திருக்கிறது. நேராக நிற்கும் அலமாரியின் ஓரம், தண்ணீருக்குள் பார்ப்பதுபோல வளைந்து தெரிந்ததாம். வாசிக்கும்போது சொல்லின் நடு எழுத்து மட்டும் காணாமல் போனதாம். தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் அவர் புத்தக முதுகுகளைப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். "சார், இந்த வாரமே கண் டாக்டரைப் பாருங்க" என்று அவரிடம் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் அதற்குள் 617.7 என்ற எண்ணுள்ள அடுக்குக்குப் போய்விட்டிருந்தார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் அது கண் மருத்துவம். ஜன்னலோர நாற்காலியில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தன் நோயைப் பற்றித் தானே எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் அந்த இரண்டு மணி.

விழித்திரையின் மையப் பகுதி சிதைவு என்றார் மருத்துவர். வயதானவர்களுக்கு வருவது. பக்கப் பார்வை இருக்கும், நேர்ப் பார்வை போய்க்கொண்டே வரும். ஒரு கண்ணில் ரத்தக்குழாய் கசிவும் இருந்ததால் உடனே ஊசி போடத் தொடங்கினார்கள். இழந்ததை முழுதாக மீட்க முடியாது, இருப்பதைக் காக்கப் பார்க்கலாம் என்றார்கள். அப்பா எதற்கும் அதிரவில்லை. எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே படித்திருந்தார்.

நீங்கள் அன்று என்னிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மாலைக்குள் அத்தனை உறவினருக்கும் போன் போட்டிருப்பேன். அப்பாவை ஆளாளுக்கு விசாரித்திருப்போம். அவர் நூலகத்துக்குப் போவதையே நிறுத்தியிருப்பார். தன் வாயால் சொல்வதற்கான பத்து நாளை நீங்கள் அவருக்குக் கொடுத்தீர்கள். நோய் கொஞ்சம் முந்தியிருந்தால் அந்தப் பத்து நாளுக்கே பெரிய விலை கொடுத்திருப்போம் என்ற நெருடல் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் போக வேண்டியவரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் என்னிடம் மௌனமாக இருந்தீர்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

பிற்பாடு ஒருமுறை உங்களிடமே இதைப் பற்றிக் கேட்டேன். கணினி வருவதற்கு முன்னால் இருந்த பிரௌன் முறையை மேசையில் காகிதத் துண்டுகளை வைத்து விளக்கினீர்கள். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் சின்ன உறைபோன்ற சீட்டுகள். புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டை உறுப்பினரின் உறைக்குள் நுழைந்து, தவணைத் தேதி வாரியாகத் தட்டில் உட்கார்ந்துவிடும். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள்ளும், உறை வாசகரின் கைக்கும் போய்விடும். யார் எதைப் படித்தார் என்பதற்குத் தடயமே இருக்காது. "அப்போ தானா மறந்துடும்மா, இப்போ நாமதான் மறக்கணும்" என்றீர்கள். எந்த நூலகவியல் வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கிளைக்கு வருகிறேன். அங்கே பெரிய எழுத்துப் புத்தகங்கள் இருப்பதாகச் சொல்லி அப்பாவை அனுப்பியதும் நீங்கள்தான், மேடம். வழக்கமான புத்தகங்களில் எழுத்து பத்துப் பன்னிரண்டு புள்ளி (பாயிண்ட்) அளவில் இருக்கும். பெரிய எழுத்துப் பதிப்பில் பதினாறும் அதற்கு மேலும். அந்தக் கிளையில் இருப்பவர்களே, நன்றி சொல்ல வந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கண் மங்கியவர்களுக்கான அந்தப் புத்தகங்களை அலமாரியின் கடைசித் தட்டில், தரையோடு தரையாக வைத்திருந்தீர்கள். அதைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் குனிந்தால் நிமிர முடியாதவர்கள். நான் சொன்னதும் நூலகர் ஒரு நிமிடம் அந்தத் தட்டையே பார்த்தார். "இத்தனை நாள் எனக்குத் தோணவே இல்லையே" என்றார். அடுத்த முறை போனபோது எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. பக்கத்தில் கைப்பிடி வைத்த இரண்டு நாற்காலிகள் வேறு. கைப்பிடி இல்லாத நாற்காலியில் வயதானவர்கள் உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் பாடு. அதை நான் சொல்லவில்லை, அவராகவே யோசித்திருக்கிறார்.

பெரிய எழுத்தில் அச்சிட்டால் புத்தகம் பருத்துவிடும். அதனால் ஒரே நாவலை இரண்டு பாகமாகப் பிரித்துவிடுகிறார்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டு, இரண்டாம் பாகம் வேறொருவர் வீட்டில் இருக்கிறது என்று அப்பா மூன்று வாரம் தவித்தார். அவர் முன்பதிவு செய்திருந்தாலும் தினமும் நான் போன் செய்து கேட்டேன். தினமும் பொறுமையாகப் பதில் சொன்ன தம்பிக்கு நன்றி. இதே தம்பிதான், பட்டியலில் "இருக்கிறது" என்று காட்டியும் அடுக்கில் கிடைக்காத இன்னொரு புத்தகத்தை, இரண்டு அலமாரிகள் முழுக்கத் துழாவி எடுத்துக்கொடுத்தார். யாரோ படித்துவிட்டு வேறு எண்ணில் செருகிவிட்டுப் போயிருந்தார்களாம். இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான் அக்கா என்றார். அன்றிலிருந்து நான் எடுத்துப் பார்க்கும் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் செருகுவதில்லை. மேசையிலேயே வைத்துவிடுகிறேன், அதுதான் அவர்களுக்கு உதவி.

அந்த இரண்டாம் பாகம் ஒருவழியாகக் கைக்கு வந்த அன்றே மழையில் நனைந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. வெயில் வந்ததும் மாடியில் விரித்துவைக்கலாம் என்றிருந்தேன். எதற்கும் கேட்டுவிடலாமென்று போன் செய்தேன். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம் என்று பதறினார் நூலகர். சில பக்கங்களுக்கு ஒன்றாக மை இல்லாத வெள்ளைத் தாளைச் செருகி, தாள் நனைய நனைய மாற்றி, நேராக நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். இரண்டு நாளுக்குமேல் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வழவழப்பான தாளாக இருந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், அப்படிப்பட்டதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு உடனே எங்களிடம் சொல்லுங்கள் என்றார். எங்களுடையது சாதாரணத் தாள்தான். இரவெல்லாம் தாள் மாற்றினேன். கொஞ்சம் நெளிந்த பக்கங்களோடு கொண்டுபோய் நீட்டியபோது, புரட்டிப் பார்த்து, "படிக்க முடியுது இல்ல, போதும்" என்று அடுக்கி வைத்துவிட்டார்.

நடுவில் ஓரிடத்தில் ஒரு கசப்பும் உண்டு. எந்தக் கிளை, யார் என்றெல்லாம் வேண்டாம். வேலைநேரப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்டதற்கு, "எழுதித்தானே வச்சிருக்கு, படிக்கத் தெரியாதா" என்று சத்தமாக ஒரு பதில் வந்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா சுருங்கிப்போனார். அப்போது மூலையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்துவந்து, பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அம்மா, நீ எந்தத் தேர்வுக்குப் படித்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. தேறியிருப்பாய் என்று நம்புகிறேன்.

நாளிதழ் மேசை நண்பர்களுக்கும் நன்றி. அப்பாவுக்குத் தலைப்புச் செய்திகளை மெதுவான குரலில் வாசித்துக் காட்டும் பெரியவருக்குக் கூடுதல் நன்றி. அவர் தனக்குப் பிடிக்காத கட்சியின் செய்தி வந்தால் மட்டும் தாண்டிப் போய்விடுகிறார் என்று அப்பா வீட்டில் வந்து புகார் சொல்கிறார், ஐயா. அதையும் கொஞ்சம் வாசித்துவிடுங்கள். மறந்துவைத்த பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துவைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கும் என் வணக்கம். மூன்று முறை மறந்தார், மூன்று முறையும் கிடைத்தது.

பெரிய எழுத்தும் போதாமல் போன காலம் வந்தது. அப்போதுதான் மூன்றாவது கிளைக்குப் போனோம். பெரிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், அது அவர் வழக்கமில்லை. அங்கே ஒரு திரையுள்ள உருப்பெருக்கிக் கருவி இருந்தது. புத்தகத்தை அடியில் வைத்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, ஓர் எழுத்து உள்ளங்கை அளவுக்குக்கூட வரும். அப்பா அதில் வரியைத் தேடித் தேடி அலுத்துப்போனார். சரி, காதால் படிக்கலாமே என்றார் அந்தப் பிரிவின் இளைஞர். "காதால படிக்கிறதா? அது கதை கேட்கிறது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அந்த இளைஞர் வாதாடவில்லை. டெய்சி முறையில் பதிவான ஓர் ஒலிநூலை எடுத்துவந்தார். சாதாரண ஒலிப்பதிவில் முன்னும் பின்னும் ஓட்டித்தான் தேட வேண்டும். டெய்சியில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாவலாம், பக்க எண் சொல்லிப் போகலாம், அடையாளம் வைக்கலாம். அதாவது புத்தகத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டலாம். இதற்கான உலகக் கூட்டமைப்பு 1996இலேயே தொடங்கிவிட்டதாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்ற, பதிப்புரிமை உள்ளவரிடம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று ஆக்கிய மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். அதில் சேர்ந்த நாடுகள் அப்படி மாற்றிய நூல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் முடியுமாம். அப்பாவுக்குச் சட்டத்தில் ஆர்வம் வந்துவிட்டது, அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கருவியைத் தொடவில்லை.

இரண்டாம் முறை போனபோது தொட்டார். மூன்றாம் முறை பொத்தான்களைத் தடவித் தடவித் தானே இயக்கினார். தம்பி, அந்த மூன்று நாளும் நீங்கள் ஒருதடவைகூட அப்பாவின் கையிலிருந்து கருவியை வாங்கி, "இப்படிச் செய்யுங்க" என்று செய்து காட்டவில்லை. தப்பான பொத்தானை அமுக்கியபோதெல்லாம் காத்திருந்தீர்கள். நான் என்றால் இரண்டாம் நிமிடம் பிடுங்கியிருப்பேன். நூலகவியலில் ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. அப்பா விஷயத்தில் உங்கள் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்தீர்கள். ரங்கநாதன் ஆட்சேபிக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இப்போது அப்பா பழையபடி பக்கத்துக் கிளைக்கே போகிறார். கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே ஜன்னலோர நாற்காலி. வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமே என்றால், வீட்டில் படிக்க முடியவில்லை என்கிறார். "படிக்க" என்றுதான் சொல்கிறார். சில நாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புகிறார்.

நேற்று, என்னப்பா புத்தகம் ஓடுகிறது என்று கேட்டேன்.

"சுமார் புத்தகம்" என்றார்.

மேடம், பயப்படாதீர்கள். உங்களிடம் வந்து கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உறுப்பினர் அட்டையை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வரும் அந்த வாசகரின் மகள்