சேகருக்கு, கோல்ஃப் அயர்ன் செட் வாங்கும் முன்

குன்னூர்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஐப்பசி மழை இந்த முறை எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. ஊட்டியில் நல்ல வெயில் என்று அங்கிருப்பவர்கள் போனில் சொல்லும்போதே இங்கே கொட்டிக்கொண்டிருக்கும். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்ததில் மலை ரயிலை நிறுத்திவிட்டார்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. கமலாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், நான் சவரத்தில் விட்ட இடங்கள் உட்பட. உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்துக் காட்டினேன். உடனே ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டாள். சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

வெலிங்டன் கோல்ஃப் மைதானம் சொதசொதவென்று கிடக்கிறது. காட்டெருமைகள் வேறு நடந்து குளம்புக் குழிகளாக ஆக்கி வைத்திருக்கின்றன. அதனால் ஆட்டம் இல்லை. உன் கேள்வியை யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

கடையில் புது செவன் அயர்னை (7 எண் போட்ட உலோகத் தலை கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்) அடித்துப் பார்த்தாய், உன் பழைய செவனைவிடப் பன்னிரண்டு யார்டு கூடப் போகிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதன் லாஃப்ட், அதாவது கிளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், எத்தனை டிகிரி என்று கடைக்காரரிடம் கேட்டாயா? உன் பழைய செட் வந்த காலத்தில் செவன் அயர்ன் என்றால் 34, 35 டிகிரி இருக்கும். இன்றைக்கு நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்யும் செட்டுகளில் 28 முதல் 30. பிங் ஜி430-இல் 29 டிகிரி. டைட்லிஸ்ட் டி100-இல் 34. இரண்டுமே சமீபத்தில் வந்த கிளப்புகள், இரண்டின் அடியிலும் 7 என்றுதான் பொறித்திருக்கிறது. எண் குறையக் குறைய லாஃப்ட் குறைந்து தூரம் கூடும்; ஒரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வழக்கமாக மூன்று, நான்கு டிகிரிதான் வித்தியாசம். அப்படியானால் நீ கடையில் அடித்தது உன் கணக்கில் சிக்ஸ் அயர்ன், ஏன், அதற்கும் கொஞ்சம் மேலேயே இருக்கலாம். 42 சைஸ் சட்டைக்கு 40 என்று லேபிள் ஒட்டி, இளைத்துவிட்டீர்கள் சார் என்று விற்கிற மாதிரிதான்.

முழுக்க ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். முகத்தை மெல்லியதாக்கி, மிச்சமாகும் எடையைக் கீழே கொண்டுபோகிறார்கள். சிலர் அடிப்பகுதியில் டங்ஸ்டன் வைக்கிறார்கள். எடை தாழ்ந்தால் பந்து தானாகவே உயரக் கிளம்பும். பழைய லாஃப்டையே வைத்தால் அது வானத்தைப் பார்த்துப் போய்விடும் என்பதால் லாஃப்டைக் குறைக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு யார்டை மட்டும் காட்டி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மே மாதம் நீ இங்கே வந்தபோது 140 போகிற உன் செவன் 150 போயிற்று, ஞாபகம் இருக்கிறதா? ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) செட் ஆகிவிட்டது என்று, பை தூக்கி வரும் கேடியிடம் பெருமை அடித்தாய். "மலைக் காத்து சார்" என்றான் அவன். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு. ஆறேழு சதவீதம் கூடத்தான் போகும். சென்னை நந்தனம் மைதானத்துக்குத் திரும்பியதும் பழையபடி 140.

யார்டை விடு. பந்து எப்படி இறங்குகிறது என்று பார். பந்தை அளக்கக் கடையில் வைத்திருக்கும் ரேடார் மெஷினில் இறங்கு கோணம் என்று ஒரு எண் வரும், யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அமெரிக்க டூர் ஆட்டக்காரர்களின் செவன் அயர்ன் 50 டிகிரி வாக்கில் இறங்குகிறது, நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று சுழல்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் 45-ஐ ஒட்டியாவது வரவேண்டும். 40-க்குக் கீழே போனால் சித்திரை வெயிலில் இறுகிக் கிடக்கும் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், பந்து நிற்காது. விழுந்து, ஓடி, பின்னால் இருக்கும் மணல் பங்கரில் போய் உட்காரும். உன் ஸ்விங் வேகம் முன்போல இல்லை, என்னுடையதும்தான். வேகம் குறையக் குறைய லாஃப்ட்தான் பந்தைத் தூக்கிவிட வேண்டும். நம் வயதில் இருப்பவர்கள் கையில்தான் குறைந்த லாஃப்டைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள்!

இன்னொன்று. நன்றாகப் பட்ட அடிகளைத்தான் கடையில் திரையில் நிறுத்தி வைத்துக் காட்டுவார்கள். மோசமாகப் பட்டதைக் காட்டச் சொல். முனையில் பட்டது எவ்வளவு குறைந்தது, எவ்வளவு விலகியது? நம் ஸ்கோர் அங்கேதான் இருக்கிறது. அதோடு, கடையின் செயற்கைப் புல் பாயில் நின்று அடிப்பதை நம்பாதே. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தட்டினாலும் பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய் நல்ல அடி மாதிரி காட்டும். புல்லில் அதே அடி மண்ணை அள்ளும். டெமோ கிளப் ஒன்றைக் கேட்டு வாங்கி மைதானத்தில் அடித்துப் பார். அடிப்பாகம் அகலமான அயர்ன் ஈர மண்ணில் புதையாமல் காப்பாற்றும். கோடையில் கட்டாந்தரையாக இருக்கும்போது அதே அகலம் எகிறி, பந்தின் நடுவயிற்றில் அடிக்கும். உங்கள் ஊரில் இரண்டு பருவமும் உண்டு, அதனால் நடுவாந்தரமான அகலம் போதும்.

பிளேடு, அந்த மெல்லிய தலைப் பழைய பாணி அயர்ன், வாங்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். போடா, 18 ஹேண்டிகேப்புக்கு (ஒரு ஆட்டத்தில் சுமார் பதினெட்டு அடி கூடப் போகிற ஆளுக்கு) பிளேடா? பார்க்க அழகுதான், அலமாரியில் வைத்துக்கொள். கார்ஸ்டன் சோல்ஹைம் என்று ஒரு மனிதர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் பிடித்தார். பந்து போகாததற்குத் தன்னைக் குறை சொல்லாமல் கிளப்பைக் குறை சொன்னார் (எஞ்சினியர் புத்தி, உனக்குப் புரியும்). எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனால், தவறிப் பட்டாலும் கிளப் அவ்வளவாகத் திரும்பாது என்று கண்டார். வீட்டு கராஜில் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) செய்ய ஆரம்பித்து, அதிலிருந்து பிங் கம்பெனி வந்தது. அதே யோசனையை அயர்னுக்கும் கொண்டுவந்தார். இன்று நமக்குக் கிடைக்கும், முதுகில் குழி விட்ட கேவிட்டி பேக் அயர்ன்கள் எல்லாம் அந்த யோசனையின் வழி வந்தவைதான்.

கிளப்பின் தலை தரையில் படியும்போது ஷாஃப்ட் (தண்டு) தரையோடு சேரும் கோணத்தை ஆளுக்கு ஆள் மாற்றித் தர வேண்டும் என்று நிறப் புள்ளி வைத்ததும் அவர்தான். கறுப்பு பொதுவானது, நீலம் கொஞ்சம் நிமிர்ந்தது, சிவப்பு கொஞ்சம் சாய்ந்தது. உன் உயரத்துக்கு இதை அவசியம் பார்த்துவிடு. பந்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கோட்டை கிளப் முகத்தின் பக்கம் செங்குத்தாக வைத்து அடி. முகத்தில் கோடு நேராகப் பதிந்தால் சரி, சாய்ந்தால் வளைத்துத் தரச் சொல். வலது கைக்காரனுக்குக் கிளப் அளவுக்கு மேல் நிமிர்ந்திருந்தால் பந்து இடது பக்கம் போகும். நீ பல வருஷமாக ஸ்விங்கைத் திட்டிக்கொண்டிருக்கிறாய், ஒருவேளை தவறு அங்கே இல்லாமலும் இருக்கலாம்.

ஃபோர்ஜ் செய்ததா (அடித்துச் செய்ததா), உருக்கி வார்த்ததா என்பதில் நேரத்தை வீணாக்காதே. மிசுனோக்காரர்கள் ஹிரோஷிமாவில் அடித்துச் செய்யும் அயர்ன் கையில் வெண்ணெயாக இருக்கும் என்பார்கள். அந்தச் சுகத்தில் பாதி காதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வளைப்பதற்கு அது சுலபம், அவ்வளவுதான்.

முழங்கை வலி இருப்பதால் ஷாஃப்ட் கிராஃபைட்டாகவே இருக்கட்டும். உன் பழைய ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று 120, 130 கிராம் இருக்கும். கிராஃபைட் 60-லிருந்து கிடைக்கிறது. நீ 75, 80-இல் பார். ரொம்ப லேசாகப் போனால் ஸ்விங்கில் தலை இருக்கும் இடமே தெரியாது. கிழவர்கள்தான் கிராஃபைட் வைப்பார்கள் என்று மைதானத்தில் யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடு.

வாங்கும்போது மறக்கக் கூடாதது வெட்ஜ் (கிட்டத்து அடிக்கான, லாஃப்ட் கூடிய கிளப்) கணக்கு. ஜி430-இல் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி. உன் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவே பதினைந்து டிகிரி காலி. நமக்கு எழுபது, எண்பது யார்டில்தான் அதிகம் மாட்டுகிறது, அங்கே அடிக்கக் கிளப் இருக்காது. இன்னும் இரண்டு வெட்ஜ் வாங்க வேண்டிவரும், அந்தச் செலவு விளம்பரத்தில் வராது. பையில் பதினான்குக்கு மேல் வைக்கவும் முடியாது. ஃபோர், ஃபைவ் அயர்ன் உனக்கு வேண்டவே வேண்டாம், அந்த இடத்தில் ஹைபிரிட் (தடித்த தலையுள்ள, பந்தை எளிதாகத் தூக்கும் கிளப்) வை.

நான் வாங்குவதாக இருந்தால் செவன் 31, 32 டிகிரி உள்ள கேவிட்டி பேக், சிக்ஸிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை, கூட ஒரு 50 டிகிரி வெட்ஜ். புது மாடலுக்கு லட்சத்தைத் தாண்டிக் கேட்பார்கள். போன வருஷத்து மாடலைக் கேள், விலை நன்றாக இறங்கியிருக்கும், வித்தியாசம் உனக்கும் எனக்கும் தெரியப்போவதில்லை. ஆன்லைனில் பாதி விலைக்கு வந்தால் தொடாதே, போலி நிறையச் சுற்றுகிறது.

உன் பழைய செட்டை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதே. ஒன்றும் பெரிதாகத் தர மாட்டார்கள். இங்கே என் கேடியின் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆட ஆரம்பித்திருக்கிறான், ஸ்விங் அருமை, கையில் இருப்பது மூன்றே கிளப். அவனுக்குக் கொடுத்துவிடலாம். தை பிறந்ததும் நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு வா. எந்த செட் என்று முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் லாஃப்ட் விவரத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மூர்த்தி