ஆவி அடங்குமுன் மேசைக்கு வரட்டும்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சனி, ஞாயிறுகளில் ஹலால் டிம் சம் (சிறு கூடைகளில் வரும் சீனச் சிற்றுண்டி) பஃபே நடத்தும் உணவக உரிமையாளர்களுக்கும் தலைமைச் சமையலர்களுக்கும், வணக்கம்.

எங்கள் முதல் வேண்டுகோள் இது: வேகவைத்த டிம் சம்மை பஃபே மேடையில் அடுக்கி வைக்காதீர்கள். மேசைக்கு ஒரு சீட்டுக் கொடுங்கள். வேண்டியதை டிக் செய்து தருகிறோம். அடுப்பிலிருந்து எடுத்த கூடை நேராக மேசைக்கு வரட்டும். ஆளுக்கு ஒரே விலை, எத்தனை கூடையும் கேட்கலாம் என்ற முறை அப்படியே இருக்கட்டும்.

ஹார் காவ், அதாவது இறால் வைத்த கண்ணாடித்தோல் கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலில் பசைப்புரதம் (குளூட்டன்) கிடையாது, வெறும் மாவுச்சத்துதான். கோதுமை ஸ்டார்ச் 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 50 கிராம், சுமார் 190 மில்லி தண்ணீர், இரண்டு தேக்கரண்டிக் கொழுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றிக் கிளற வேண்டும். கொதி அடங்கிய நீரில் மாவு வேகாது. மடிப்பு வைக்கும்போதே விரிசல் விடும். நல்ல ஆவியில் ஐந்தாறு நிமிடம் போதும். வெந்த மாவுச்சத்து ஆற ஆற மறுபடி இறுகும். எடுத்த சில நிமிடத்தில் கண்ணாடி போலிருந்த தோல், தட்டில் காத்திருந்தால் ஓரம் காய்ந்து கெட்டியாகிவிடும். சுடுநீர்த் தட்டில் மூடி வைத்தாலோ மூடியில் திரண்ட நீர் சொட்டி, அடித்தோல் கரைந்து ஒட்டிக்கொள்ளும். சூட்டை 60 பாகைக்குக் குறையாமல் வைத்திருப்பதால் உணவு கெடாது, அவ்வளவுதான். போன பதம் திரும்பாது. மூங்கில் கூடை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், எஃகுத் தட்டு உறிஞ்சாது.

இதை உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பன்றி இறைச்சி சமைக்கும் கடைக்கு வருபவர், இங்கே சரியில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போவார். உங்கள் மேசையில் அமரும் மலாய்க் குடும்பத்துக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடை அதிகம் இல்லை. இறுகிய தோலைக் கடித்துவிட்டு, டிம் சம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அடுத்தது கொழுப்பு. கான்டனிய முறையில் பன்றிக்கொழுப்பு செய்து வந்த வேலை பல. அதை நீக்கினால் மட்டும் போதாது, அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். சியூ மாயில், அதாவது வாய் திறந்த இறைச்சிக் கொழுக்கட்டையில், கோழி நெஞ்சுக்கறியைப் போட்டால் பொடிப்பொடியாக உதிரும். தொடைக்கறியைக் கத்தியால் கொத்தி, கோழித்தோலின் கொழுப்பையும் கொஞ்சம் அரைத்துச் சேர்த்து, முதலில் உப்புப் போட்டுக் குளிர்ந்த நிலையிலேயே ஒரே திசையில் பசை ஏறும்வரை பிசையுங்கள். பலர் சோளமாவைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறார்கள், அது ரப்பராகிவிடும். முட்டை டார்ட்டின் அடுக்குத்தோலுக்குத் திரவ எண்ணெய் உதவாது, உறைந்த கொழுப்பு வேண்டும். நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் உருகி அடுக்குகள் ஒன்றாகிவிடுவதால், பாதி வெண்ணெயும் பாதி பாமாயில் ஷார்ட்டனிங்கும் (கெட்டிக்கொழுப்பு) நன்றாக நிற்கும். ஷாவ்சிங் அரிசி மதுவுக்குப் பதிலாக ஏதோ ஒரு புளிப்பைச் சேர்ப்பதையும் நிறுத்துங்கள். அந்த மது இறைச்சியின் வாடையைப் போக்கத்தான். நசுக்கிய இஞ்சியும் வெங்காயத்தாளும் ஊறிய தண்ணீர் அதைச் செய்யும். சீனச் சமையலறைக்கு அது புதிதும் அல்ல.

சான்றிதழைப் பற்றி. வாசலில் ‘பன்றி இறைச்சி இல்லை’ என்று எழுதுவது ஹலால் சான்றாகாது என்பது உங்களுக்கே தெரியும். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய வளர்ச்சித் துறை) தரும் சான்றிதழை, அந்தக் கிளையின் முகவரியும் காலாவதித் தேதியும் தெரியும்படி முகப்பில் மாட்டுங்கள். ஒரு கிளையின் சான்று இன்னொரு கிளைக்குச் செல்லாது. பன்களின் மேல் முட்டை பூசும் தூரிகையையும் பாருங்கள். பன்றிமயிர்த் தூரிகைக்கு அடையாளக் குறி வேண்டும் என்று 2013இலேயே ஆணை வந்துவிட்டது. சிலிகான் தூரிகைக்கு மாறினால் கேள்வியே எழாது. மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று எழுதுங்கள், இல்லையேல் கடல்பாசியில் உறைய வையுங்கள்.

எதில் என்ன இருக்கிறது என்று எழுதுவது முஸ்லிம்களுக்கு மட்டும் அல்ல. ஹலால் மேசையில் இந்துக்களும் சீனர்களும் சேர்ந்து அமர்கிறார்கள். இந்துக்களில் பலரும் கருணைத் தெய்வமான குவான் யின்னை வழிபடும் சீனர் பலரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. வேகவைத்த மாட்டிறைச்சி உருண்டையோ கோழி உருண்டையைப் போலவே இருக்கிறது. மாட்டு ஜெலட்டினும் அவர்களுக்குச் சிக்கல்தான். முஸ்லிம்களிலும் எல்லாரும் ஒன்றல்ல. மலாய்க்காரரும் மரைக்காயரும் இஸ்லாமியச் சட்டவழிகளில் ஷாஃபி வழியினர். ராவுத்தர் பெரும்பாலும் ஹனஃபி. ஹனஃபி வழியில் மீன் தவிர்த்த கடலுணவு ஆகாது, இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. சியூ மாயின் தலையில் வைக்கும் நண்டு முட்டையும், மீன் உருண்டையில் கலக்கும் கணவாய் விழுதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோழி, மாடு, மீன், இறால், கணவாய், நண்டு, முட்டை என்று குறித்தால் பணியாளரை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டியிருக்காது.

வீணாகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. கூடைக்கு நான்குக்குப் பதில் இரண்டு வையுங்கள். ஒரு முறைக்கு மேசைக்கு ஆறு கூடை என்று வரம்பு வையுங்கள். வறுத்தவற்றை மேடையிலேயே வைக்கலாம், ஆனால் மூடாமல், கம்பி வலைமேல், கொஞ்சம் கொஞ்சமாக. மூடினால் கால்மணி நேரத்தில் மொறுமொறுப்புப் போய்விடும்.

இன்னொன்று: இரண்டாம் அமர்வு நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது என்றால், லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் அதன் கடைசிப் பகுதியில் விழுகிறது. தொழப் போனவரின் மேசையைக் கணக்குச் சீட்டோடு காலி செய்யாதீர்கள். அவருக்குப் பதினைந்து நிமிடம் கூட்டிக் கொடுங்கள்.

முதலில் ஞாயிறு காலை அமர்வு ஒன்றில் மட்டும் இந்தச் சீட்டு முறையைப் பார்த்துவிட்டு, மீதி ஆன கூடைகளை எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதியில் உங்கள் மேசைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் சில